நீண்ட எட்டு

உலகம் தோன்றியதிலிருந்து இதுவரை ஒரே ஒரு நேர்மையான திரவம்தான் உண்டாகியிருக்கிறது. அது பாலட்டன் ஏரிக்கு வடக்கே, பொதச்சோனி மலையின் தென்சரிவில், பாகோஷ் வெண்டெலின் தோட்டத்தில் விளைகிறது. கண்ணீரில் உப்பு இருக்கிறது, பாலில் தண்ணீர் இருக்கிறது, வெண்டெலின் ஒயினில் மட்டும் வெண்டெலைத் தவிர வேறெதுவும் கலக்கவில்லை.

இதைச் சொன்னவனும் வெண்டெல்தான். ஒயின் ருசிக்க வருகிறவர்கள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்ததும், முதல் கோப்பைக்கு முன்னால், எழுந்து நின்று சொல்வான். அவன் மனைவி ஷரோல்தா பொகாச்சா ரொட்டித் தட்டோடு பக்கத்தில் நின்றிருப்பாள். எந்த இடத்தில் அவன் மூச்சு வாங்குவான், எந்த இடத்தில் மலையைப் பார்ப்பான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மலையைப் பார்க்கும்போது தட்டை நீட்டினால் ரொட்டி கொஞ்சம் கூடுதலாகப் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பிறகு மற்ற ஊர்களுக்குத் தீர்ப்பு வழங்கப்படும். எகரின் சிவப்பு ஒயின் பல திராட்சைகளின் சேர்க்கை. அதைச் சந்தைக்கூட்டம் என்று சொல்லலாம், ஒயின் என்று சொல்ல முடியாது. தொகாயின் ஒயின் இனிப்பு, காய்ச்சல்காரர்களுக்கு நல்லது. ஷோம்லோ மலை ஒயின் பரவாயில்லை, ஆனால் அது ஷோம்லோவில் இருக்கிறது. மிஞ்சுவது வெண்டெலின் நீலக்காம்பு. எரிமலைக் கருங்கல்லில் வேர் விட்ட, இந்த மலையை விட்டால் அதிகம் காணக்கிடைக்காத திராட்சை. ஏரி மீனோடு அதைக் குடித்துவிட்டுச் செத்தால் கடவுளிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கும் என்பான்.

ஷரோல்தாவின் கவலை கடவுளைப் பற்றியது அல்ல. பாதாள அறையில் நிற்கும் பெரிய எஃகுத் தொட்டியைப் பற்றியது. அதில் நிறைய இருந்தது நீலக்காம்பு அல்ல. போன வருஷத்து ஒலஸ்ரீஸ்லிங், தினமும் குடிக்கிற வெள்ளை ஒயின். ஆகஸ்ட் நடந்துகொண்டிருந்தது. செப்டம்பரில் அறுவடை. அதற்குள் தொட்டி காலியாகாவிட்டால் புதுச் சாற்றை ஊற்றுவதற்கு வீட்டில் குளியல் தொட்டி ஒன்றுதான் பாக்கி.

காலியாகியிருக்க வேண்டிய தொட்டிதான். ஏரியில் குளித்துவிட்டு மலையேறி வருகிறவர்களுக்கு நாக்கு வறண்டிருக்கும். அவர்கள் கேட்பது குளிர்ந்த வெள்ளை ஒயினும், அதன்மேல் சைஃபன் புட்டியிலிருந்து பீச்சிய சோடாவும். நாடு முழுக்க வெயில் காலத்தில் குடிக்கிற வழி அதுதான். வெண்டெலின் பந்தலுக்குக் கீழே மட்டும் சைஃபன் புட்டிக்குத் தடை.

போன செவ்வாய்க்கிழமை புதாபெஸ்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்தது. வியர்வையில் சட்டை ஒட்டிய தகப்பன் நாற்காலியில் விழுந்து, எல்லாருக்கும் நீண்ட எட்டு என்றார். ஒரு பங்கு ஒயினுக்கு இரண்டு பங்கு சோடா ஊற்றினால் அதற்கு அந்தப் பெயர். வெண்டெல் அவரை நிதானமாகப் பார்த்தான்.

"நீண்ட எட்டா? வாசல் அந்தப் பக்கம் இருக்கு. நல்லா நீளமா எட்டு வச்சுப் போங்க."

அவர்கள் போனார்கள். எட்டுகள் நீளமாகத்தான் இருந்தன. வெண்டெல் அந்த நகைச்சுவையை மாலைவரை தனக்குத்தானே சொல்லிச் சிரித்தான். ஷரோல்தா தட்டிலிருந்த ரொட்டியை ஒவ்வொன்றாகக் கோழிக்குப் போட்டாள். கோழிகளாவது கொள்கை பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அண்ணன் தெஜோ மீன் சூப் குடிக்க வந்தான். படகுத்துறையில் வறுத்த மீன் கடை வைத்திருப்பவன். அவன் கடைப் பலகையில் சோடா கலந்த ஒயினின் எல்லா வகையும் ஊர் வழக்கப்படி இருக்கும். வாட்ச்மேன் என்றால் ஒயின் மூன்று பங்கு, சோடா இரண்டு. உதவி வாட்ச்மேன் என்றால் அது தலைகீழ். குடித்தனக்காரன் என்றால் ஒயின் ஒன்று, சோடா நாலு. வாடகைக்கு இருப்பவனுக்கு எங்கேயும் அவ்வளவுதான்.

ஒயின் வாரத் திருவிழாவுக்கு முழுத் தொட்டியையும் தான் குழாய் போட்டு எடுத்துக்கொள்வதாக தெஜோ சொன்னான். பலகையில் வெண்டெல் பெயரையும் போடுவானாம். ஷரோல்தா சூப்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சோடாவுக்கா?" என்றான் வெண்டெல்.

"பின்ன என்ன, கால் கழுவவா? மாப்ளே, உன் ஒயின் நல்ல ஒயின். புளிப்பு நிமிர்ந்து நிக்குது. அதான் சோடாவைத் தாங்கும். மட்டமான ஒயின்ல சோடா விழுந்தா அங்கேயே பிராணன் போயிடும்."

இதைவிடப் பெரிய பாராட்டு வெண்டெலுக்கு அந்த வருஷம் கிடைக்கவில்லை. அதை அவன் அவமானமாக எடுத்துக்கொண்டான்.

"பேசி முடிச்சாச்சா மச்சான்? நானே என் கையால ஒயின்ல சோடா பீச்சிக் குடிக்கிற அன்னைக்கு வந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போ. அதுவரைக்கும் உன் குழாய் என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

தெஜோ போன பிறகு ஷரோல்தா பாத்திரங்களோடு பேசினாள். பாத்திரங்கள் பதில் சொல்லாததால் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கலப்படம் கலப்படம்கிறியே, உன் நீலக்காம்பு தனியா நட்டா காய்க்குமா? பக்கத்து வரிசையில வேற ரகம் நட்டு, அதோட மகரந்தம் காத்துல வந்தாத்தான் பிஞ்சே பிடிக்குது. பூவுலயே கலந்தாச்சு. இதுல சோடா என்ன பாவம் பண்ணிச்சு?"

வெண்டெல் யோசித்தான். அது கலப்படம் அல்ல, அண்டை வீட்டு ஒத்துழைப்பு என்றான். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

புருஷனுக்குத் தெரியாமல் ஒயினைக் கடத்திவிடலாமா என்று மறுநாள் அண்ணனைக் கேட்டும் பார்த்தாள். குடும்பத்துக்குள் திருட்டு வேண்டாம், அவன் வாயைத் திறக்கட்டும் என்று தெஜோ சொல்லிவிட்டான். ஒருவன் கொள்கை போதாதென்று இன்னொருவனுக்கும் கொள்கை வந்துவிட்டது.

சனிக்கிழமை, வெண்டெல் உறுப்பினனாக இருக்கும் ஒயின் சங்கத்தின் ஊர்வலம். சங்கத்து அங்கி கரும்பச்சை வெல்வெட், கணுக்கால்வரை தொங்கும். கூடவே ஒரு தொப்பி, கழுத்தில் சங்கிலியோடு வெள்ளிக் கிண்ணம். அதைத் தைக்கச் சொன்னவர் நவம்பரில் யோசித்திருக்க வேண்டும். உடுத்துவதோ ஆகஸ்டில். ஷரோல்தா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அங்கி போட்டவன் கையில தண்ணி பாட்டிலா?" என்றான் வெண்டெல். தன் நீலக்காம்பு புட்டி ஒன்றை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

மாதா கோவிலிலிருந்து படகுத்துறைவரை நடந்தார்கள். தார்ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. துறையில், தெஜோவின் கடைக்கு நேர் எதிரே, தலைவர் உரையாற்றினார். ரோமானியர்களிலிருந்து ஆரம்பித்தார். ரோமானியர்களை விட்டு நகர அவருக்கு மனமில்லை. ஒவ்வொரு நூற்றாண்டு முடிவிலும் எல்லாரும் கிண்ணத்தை உயர்த்தி, வெயிலில் சூப்பாகிவிட்ட ஒயினை ஒரு மிடறு குடித்தார்கள். வெண்டெலின் முகம் எகரின் சிவப்பு நிறத்துக்கு வந்தது. எதிரே, அரைக்கால்சட்டையோடு நின்ற கூட்டம் பனி பூத்த கண்ணாடிக் கோப்பைகளில் நீண்ட எட்டு குடித்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் புதாபெஸ்த் தகப்பன். வெண்டெலை அடையாளம் கண்டு கோப்பையை மரியாதையாக உயர்த்தினார்.

கைதட்டல் ஓய்ந்தபோது வெண்டெலைக் காணவில்லை.

மயங்கி விழுந்திருப்பான் என்று ஷரோல்தாவுக்குத் தோன்றியது. விழுந்தாலும் மலையைப் பார்த்துத்தான் விழுந்திருப்பான் என்றும் தோன்றியது. தேடிக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போனாள். காலிப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு பெட்டியின் மேல் சங்கத்துத் தொப்பி இருந்தது.

இடுக்கு வழியாகப் பார்த்தாள். வெண்டெல் பக்கவாட்டில் திரும்பி நின்றிருந்தான். வெள்ளிக் கிண்ணத்தில் அடி நனையும் அளவு நீலக்காம்பு. இன்னொரு கையில் தெஜோ கடையின் சைஃபன் புட்டி. சத்தம் கேட்காதபடி அதன் தலையை அங்கியின் முனையால் பக்குவமாகப் போர்த்தியிருந்தான். அமுக்கினான். கம்பளிக்குள் பூனை தும்மியது போல ஒரு சத்தம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி அமுக்கினான். மறுபடியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கூப்பிட்டால் அவன் திரும்புவதற்குள் ஒரு தத்துவம் தயாராகிவிடும். கோடை முழுக்கக் கேட்டது போதும். வந்த வழியே முன்பக்கம் வந்தாள்.

"அண்ணே, குழாய் எங்க வச்சிருக்க?"

"மாப்ள வாயைத் திறக்கணும்னு சொன்னேனே."

"திறந்துதான் இருக்கு. போய்ப் பாரு."

தெஜோ மீன் கரண்டியோடு கடையின் பின்பக்கப் பலகை இடுக்கில் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நீண்ட எட்டா?"

"குடித்தனக்காரன்."

தெஜோ கரண்டியைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் ஏற்றுவதற்குக் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான். ஷரோல்தா மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். பெட்டிகளுக்குப் பின்னால், வெல்வெட்டுக்குள், பூனை இன்னொரு முறை தும்மியது.