நேற்று வந்தவள்

இரட்டையரில் முதலில் பிறந்ததால் அவளுக்குப் பெரியவள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீறாப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை. அம்மாவின் சாவு வீட்டில் ஏதோ வாய்த்தகராறு முற்றிப்போய், "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சின்னவளிடம் சொன்னவளும் அவள்தான். சொல்லி என்ன கண்டாள்? அன்றிலிருந்து தினமும் காலையில் கண்ணாடியில் அதே மூஞ்சியில்தான் முழிக்கிறாள்.

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. மத்தியானச் சாப்பாடும் தனியாக, ராத்திரிச் சாப்பாடும் தனியாக. பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது.

இரட்டையரை வைத்துச் சர்க்கரை நோய் ஆராய்ச்சி செய்கிறோம், ரத்தம் தருவீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சின்னவள் சம்மதித்துவிட்டாள் என்றதும் இவளும் தலையாட்டினாள். முதல் தடவை வீட்டுக்கே வந்து எடுத்துப் போனார்கள். இன்று முடிவைச் சொல்லி, இன்னொரு குழாய் ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். தங்கையும் வருவாளே! இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாகப் போய் உட்கார்ந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள். யார் யாரோ வந்தார்கள்.

"உங்களுக்குச் சர்க்கரை வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம்மா" என்றார் டாக்டரம்மா. "வந்துடுச்சுன்னு அர்த்தமில்ல. நல்லா நடங்க."

"அப்ப அவளுக்கும் வருமா?"

"அப்படிச் சொல்ல முடியாது. ரெண்டு பேருக்கும் மரபணு ஒண்ணுதான். ஆனா அது மேல மெத்தில்னு சின்னச் சின்னக் குறி ஒட்டிக்கும். எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா கிடக்கணும்னு அதுவும் தீர்மானிக்கும். பிறந்தப்போ உங்க குறிகளும் அநேகமா ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். சாப்பாடு, தூக்கம், கவலைன்னு வாழ்க்கை வேறயாச்சுல்ல, குறியும் வேறயாப் போச்சு."

சர்க்கரை வரலாம் என்றது பெரியவள் காதில் ஏறவே இல்லை. என்ன சண்டை போட்டாலும் உடம்பு ஒன்றுதானே என்று இத்தனை வருஷம் ஒரு தெம்பு இருந்தது. அதிலும் பிரிந்தாயிற்றா?

ரத்தம் எடுத்த பிறகும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"யாராவது வரணுமாக்கா?" என்றாள் நர்ஸ்.

"தங்கச்சி."

"ஐயோ, ரெட்டைப் பிறவிய ஒரே நாள்ல கூப்பிட மாட்டோமே! ஒரே முகம், ஒரே பிறந்த தேதி. குழாய் மாறிப்போச்சுன்னா எங்க பாடு திண்டாட்டம். அவங்க நேத்தே வந்துட்டாங்க." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன். ரத்தம் குடுத்தப்புறம் அவங்களும் எந்திரிக்கல. பூட்டுற வரைக்கும் இதே நாற்காலியில உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க."

பெரியவள் தெருவுக்கு வந்து, அழிக்க மனம் வராமல் வைத்திருந்த எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சின்னவள் எடுத்தாள்.

"நான்தான்டி" என்றாள் பெரியவள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அசல் பெரியவளின் குரலிலேயே ஒரு அதட்டல்:

"நேத்தே வந்து தொலைச்சிருந்தா என்னடி, மூதேவி?"