ஒரு மில்லிமீட்டர்

சுவர்ப் பல்லிகளின் பின்னங்கால், மரப் பல்லிகளுடையதைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டை. மூன்றாண்டு உழைப்பில் அவள் கண்டது அவ்வளவுதான். விளக்கைத் தேடிப் பூச்சிகள் தாமாகவே சுவருக்கு வந்துவிடுவதால், துரத்தி ஓட வேண்டாத பல்லிகளுக்குத் தலைமுறைதோறும் கால் குறுகியது என்பது ஆய்வேட்டின் வாதம். மறுநாள் காலை அதை நெறியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மதியம் குறிப்பேட்டைக் கடைசியாக ஒருமுறை புரட்டியபோதுதான் கையெழுத்துகள் உறுத்தின. சுவர்ப் பல்லிகள் அத்தனையும் அவள் அளந்தவை. மரப் பல்லிகள் அத்தனையும் சக ஆய்வாளன் ‘கண்ணாடி’ அளந்தவை. உடனே அவனுக்குத் தொலைபேசினாள்.

“காலை எப்படி வெச்சு அளந்தே?”

“நல்லா நீட்டி வெச்சுத்தான். ஏன், நீ எப்படி?”

அவளோ சாராயத்தில் ஊறவைத்துப் பாதுகாத்த பல்லியின் விறைத்த கால் ஒடிந்துவிடுமென்று பயந்து, மடங்கியபடியே அளந்திருந்தாள்.

எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். எது எந்தப் பல்லி என்று தனக்கே தெரியாமலிருக்க அடையாளச் சீட்டுகளைக் கவிழ்த்துக் கட்டினாள், பயனில்லை. சுவர்ப் பல்லியின் வெளிறிய முதுகு அவளுக்கு மனப்பாடம். நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பிறகு அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருந்த அக்காவை ஆய்வகத்துக்கு வரவழைத்தாள்.

“பல்லிக்குப் பேண்ட் தைக்கணுமாடி?”

“அளவு மட்டும் எடு, போதும். காலை நீட்டிவிட்டு எடுக்கணும்.”

“இடுப்புச் சுத்தளவு வேண்டாமா?”

வெர்னியர் அளவுகோல் அக்காவின் கையில் சீக்கிரமே படிந்தது. அக்கா சொல்லச் சொல்ல இவள் எழுதினாள். ஒன்பதாவதாக வெளிறிய ஒன்று வந்தது.

“பதினஞ்சு... இரு, இரு. பதினாறு.”

தாளில் பதினைந்து ஏற்கெனவே ஏறியிருந்தது. அதை அடிக்கக் கை எழவில்லை. அது குட்டையான கால், அவள் வாதத்துக்கு வேண்டிய எண். பிறகு திருத்திவிட்டுப் பேனாவை அக்காவிடம் நீட்டினாள்.

“நீயே எழுதிக்கோக்கா.”

“ஏன், என்னாச்சு உனக்கு?”

“ஒண்ணுமில்ல.”

வெளியே வந்து நெறியாளரை அழைத்தாள்.

“சார், நாளைக்கு ஆய்வேடு வராது. அளவுல தப்பு இருக்கு.”

“எவ்வளவு தப்பு?”

“இன்னும் தெரியல சார்.”

“மொத்த வாதமும் போயிடுமாம்மா?”

“போகலாம் சார்.”

உள்ளே அக்கா எண்களை வாய்விட்டுச் சொல்லியபடி எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் எட்டாத தொலைவுக்கு நடைக்கூடத்தில் விரைந்து நடந்தாள்.