சீனித்தாய் விட்ட நிழல்

மார்ச் மாதம் இரண்டாவது திங்கட்கிழமையிலிருந்து சீனித்தாய் மேல் நிழல் விழவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாலும், குடை பிடித்தாலும், பஸ்ஸுக்குள் நின்றாலும் அவள் ஆள் அளவுக்கு வெயில் அவள் மேல் இருந்தது. பொழுது அடைந்ததும் போகும், விடிந்ததும் வந்துவிடும். கோவில்பட்டியில் அன்று முப்பத்தேழு டிகிரி.

காரணம் தெருவுக்கே தெரியும். சீனித்தாய் கிறிஸ்தவள் அல்ல. தீப்பெட்டி ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஜெயப்பிரியா, தன் சர்ச்சின் தியான இல்லத்தில் சனி ஞாயிறு தங்கலாம், சாப்பாடு உண்டு, ஒரு வேலையும் கிடையாது என்று கூப்பிட்டாள். இருபத்திரண்டு வருஷமாகக் களத்தில் தீக்குச்சி காயவைக்கிறவளுக்கு அந்தக் கடைசி வார்த்தையே போதும். அங்கே ஃபாதர் தவக்காலத்தைப் பற்றிச் சொன்னார். நாற்பது நாள் பிடித்த ஒன்றை விட வேண்டும், விட்டது இல்லாதவர்களிடம் போய்ச் சேர வேண்டும். எல்லோருக்கும் சீட்டு கொடுத்தார்கள். ஜெயப்பிரியா பரோட்டா என்று எழுதினாள். சீனித்தாய்க்கு ஒன்றும் அகப்படவில்லை. கறி தீபாவளிக்குத்தான், டிவி ஓடி ஒரு வருஷமாகிறது. பிடித்தது என்று பார்த்தால் மத்தியானம் களத்து வேம்படியில் கால் நீட்டும் அரைமணி நேரம்தான். நிழல் என்று எழுதிப் பெட்டியில் போட்டாள். விருந்தாளி எழுத வேண்டியதில்லை என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வெயிலோடு தீக்குச்சி மருந்துப் பக்கம் வந்தால் தீப்பிடிக்கும் என்று மேஸ்திரி இராமச்சந்திரன் அவளை முழு நாளும் களத்திலேயே நிறுத்தினார். தோல் உரிந்தது. ஃபாதர் நேரில் வந்து பார்த்து, கட்டாயமில்லை, நேர்ச்சையைக் கைவிடலாம் என்றார்.

“நேந்தாச்சுல்லா ஃபாதர். நாப்பது நாளு கழியட்டும்” என்றாள் சீனித்தாய்.

நாற்பது நாளும் முடிந்து உயிர்ப்பு ஞாயிறு வந்தது. ஜெயப்பிரியா நாலு பரோட்டா சாப்பிட்டாள். சீனித்தாயின் நிழல் திரும்பவில்லை.

இடைசெவல் காட்டில் பருத்தி எடுக்கிற ஒருத்தி மேல் மரமில்லாமல் நிழல் நிற்கிறது என்று அந்த வழி பஸ் கண்டக்டர் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீனித்தாய் கிளம்பிவிட்டாள். ‘எம் நெழலக் குடுத்துரு தாயி’ என்று பஸ்ஸில் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இரக்கமெல்லாம் தீர்ந்துபோகிற அளவுக்கு அவளுக்கு அலுத்திருந்தது.

கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல், ஒரு முள்மரம்கூடக் கிடையாது. மடிநிறையப் பருத்தியோடு நின்ற ஆனந்தி என்கிற அந்தப் பெண்ணின் மேல் நிழல் இருந்தது. அவள் ஒரு எட்டு வைத்தால் அதுவும் ஒரு எட்டு நகர்ந்தது.

“வாங்கக்கா, செத்த உக்காருங்க” என்றாள் ஆனந்தி. “மாசிக் கடைசியில இருந்து எங்கூடயே வருது. இந்தக் காட்டுல பதினாலு வருசமா வேகுதேன், இந்த வருசந்தான் தலவலி இல்ல. யாரு விட்டதோ, அவிய நல்லாருக்கணும். தீப்பெட்டி மருந்து வாடதான் லேசா அடிக்குது.”

ஒரு ஆள் நிழல்தான். ஆனந்தி உட்கார்ந்து காலை மடக்கி, ஒடுங்கி இடம் விட்டாள். ஏழு வாரத்துக்குப் பிறகு சீனித்தாய் மேல் நிழல் விழுந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

“எதும் சோலியா வந்தீங்களாக்கா?”

“தண்ணி இருந்தாக் குடு தாயி” என்றாள் சீனித்தாய். குடித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போனாள்.

இப்போது ஞாயிறுதோறும் பதினொன்றரை பஸ்ஸில் போகிறாள், மூன்று மணி பஸ்ஸில் திரும்புகிறாள். வெயில் அடிக்கும் பக்கத்து ஜன்னல் சீட்டை அவளுக்கென்று விட்டுவிடுகிறார்கள். அவளுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.