பதினேழாம் அத்தியாயத்தில் ஒரு கனைப்பு

எலும்பு முறிவு வார்டில் அவளுக்குக் கதைக்காரம்மா என்று பெயர். பெயர் வைத்தவர் அவளுடைய அப்பாதான். குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்து, கம்பியில் கட்டிய காலில் எடையைத் தொங்கவிட்டு, ஐந்து வாரமாக மல்லாந்து கிடந்தவர். பெருமை பேசுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. "புத்தகத்தைப் படிச்சு ஃபோன்ல கேக்க வைக்கிற கம்பெனி இருக்கே, அதுல எம் பொண்ணு குரல்தான்" என்று வார்டின் ஆறு கட்டிலுக்கும் சொல்லிவைத்திருந்தார்.

அவர் சொன்னது உண்மைதான். அலமாரி அளவே இருக்கும் ஓர் அறையில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, மின்விசிறியின் சத்தம் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து ஒரு பெரிய நாவலின் முதல் பாகத்தை அவள் நான்கு மாதம் படித்து முடித்திருந்தாள். வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்னால், பிழை இருந்தால் சொல்லும்படி கம்பெனி அவளுக்கு ஒரு காப்பி அனுப்பியது. வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தாள்.

அன்றைக்கென்று பார்த்து அப்பா சொன்னார்: "பகல் நகரவே மாட்டேங்குதும்மா. மேல இருக்கிற ஃபேனுக்கு எத்தனை றெக்கைன்னு எண்ணிக்கிட்டே கிடக்கேன். மூணுதான் இருக்கு. என்ன செய்ய, திரும்பத் திரும்ப எண்ணுறேன்."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய ஃபோனில் ஏற்றிக் கொடுத்தாள். "நீங்க மட்டும் கேளுங்கப்பா. யாருக்கும் குடுத்துடாதீங்க."

"நான் எந்திரிச்சுப் போய் யாருக்கும்மா குடுக்கப் போறேன்?"

எழுந்து போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மத்தியான ஷிப்ட் சிஸ்டர் தினமும் அவர் கட்டிலுக்கே வந்தாள். முகம் சுளிக்காமல் அவர் முதுகைத் துடைத்துவிட்டாள், பெட்பேன் வைத்து எடுத்தாள், படுக்கைப் புண் வராமல் பவுடர் போட்டாள். பதிலுக்குக் கொடுக்க அந்த மனிதரிடம் என்ன இருந்தது? மகளின் குரல் இருந்தது. கொடுத்துவிட்டார். சிஸ்டர் அதைத் தன் தோழிகளுக்கு அனுப்பினாள். அவர்கள் தங்கள் தோழிகளுக்கு அனுப்பினார்கள். நாவல் முறைப்படி வெளிவந்த நாளில், அது ஏற்கெனவே ஊரெல்லாம் கேட்டு முடித்த பழங்கதையாகியிருந்தது.

மேலாளர் ஃபோன் செய்தபோது அவள் அப்பாவின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இரும்பு நாற்காலியில் இருந்தாள். கழுத்தில் துணையாள் அட்டை. அதை வாங்கிக்கொள்ள இன்னொருவர் வந்தால்தான் வெளியே விடுவார்கள். அவளுக்கு அப்படி இன்னொருவர் இல்லை.

"மேடம், திருட்டுக் காப்பியைக் கேட்டோம். பதினேழாவது அத்தியாயத்துல நீங்க தொண்டையைக் கனைக்கிறது அப்படியே இருக்கு. வெளியிட்ட காப்பியில அதை வெட்டிட்டோம். கனைப்பு இருந்த காப்பி ரெண்டே ரெண்டு. உங்ககிட்ட ஒண்ணு, எடிட்டர்கிட்ட ஒண்ணு."

அந்த நேரம் பார்த்து, மருந்து வண்டியின் மேல் வைத்திருந்த சிஸ்டரின் ஃபோனிலிருந்து கதைக்காரம்மாவின் குரலே வார்டு முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தது. ஆறு பேரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அங்க என்ன மேடம், உங்க குரல் மாதிரி கேக்குது?"

"பழைய பதிவு ஒண்ணு... சரிபார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

"எடிட்டரை இன்னைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டோம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நீங்க எழுத்துல பதில் குடுங்க."

வைத்துவிட்டார். வாயைத் திறக்காவிட்டால் எடிட்டர் போவார். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. சிஸ்டரைச் சொன்னால் அவள் வேலைக்கு ஆபத்து. அப்பாவின் உடம்போ அவள் கையில். அப்பாவைச் சொல்லலாம். ஐந்து வாரத்தில் அந்த மனிதர் சிரித்ததே அந்தக் கதையால்தான்.

சிஸ்டர் பக்கத்தில் வந்தபோது மெல்லக் கேட்டுப் பார்த்தாள். "அந்தக் கதையை ஃபோன்லேருந்து எடுத்துட முடியுமா?"

"எதுக்குக்கா? கேட்டா தேஞ்சா போயிடும்?" சிஸ்டர் சிரித்தாள். "எங்க அக்கா மாமியார் தூங்கறதே உங்க குரலைக் கேட்டுத்தான். எவ்வளவு பெரிய புண்ணியம் தெரியுமா!"

கதைக்காரம்மா யோசித்துப் பார்த்தாள். கடைசியாக எந்தப் படத்தைக் காசு கொடுத்துப் பார்த்தாள்? ஞாபகமே வரவில்லை. வீட்டில் ஒலியைச் சரிசெய்யும் மென்பொருளே கள்ளச்சாவி போட்டுத் திறந்ததுதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்வது?

மறுநாள் காலை, அப்பா கஞ்சி குடிக்கும் நேரத்தில் மூன்று வரி எழுதி அனுப்பினாள். காப்பி என் கையிலிருந்துதான் போனது. எடிட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாருக்குக் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பதில் பத்து நிமிஷத்தில் வந்தது. இரண்டாம் பாகத்தை வேறு ஒருவர் படிப்பார். இனி அவளுக்கு அங்கே வேலை இல்லை.

அதைவிட மோசமானது அன்று முற்பகல் வந்த ஃபோன். நாவலை எழுதிய பெண்மணி பேசினார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். ஏழு வருஷம் எழுதிய கதை அது.

"போலீஸுக்குப் போக வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அதனால மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"இல்லைங்க."

"உங்க குரலை நீங்க தானம் பண்ணலாம். எங் கதையை நீங்க எப்படிம்மா தானம் பண்ணுவீங்க?"

எதிர்முனையில் யாரோ இருமல் மருந்து கேட்பதும், இவர் எடுத்துக் கொடுப்பதும் கேட்டது. பிறகு குரல் இறங்கியது. "நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார். டயாலிசிஸ் போறப்ப நாலு மணி நேரமும் இதைத்தான் கேக்குறாராம். திருட்டுக் காப்பிதான். சந்தோஷப்படுறதா, அழறதான்னே தெரியல. அவருக்குப் பதில் எழுதல. உங்களைத் திட்டத்தான் கூப்பிட்டேன். அதுவும் சரியா வரல." ஃபோன் நின்றது.

மத்தியானம் சிஸ்டர் வண்டியோடு வந்தாள். நாலாம் கட்டில் லாரி டிரைவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கினார். "கதைக்காரம்மா, ரெண்டாம் பாகம் எப்போ? இல்லாட்டி கொலை பண்ணது யாருன்னு மட்டுமாச்சும் சொல்லிடுங்க. புண்ணியமாப் போகும்."

"ரெண்டாம் பாகத்தை நான் படிக்கலைங்க. என்னை எடுத்துட்டாங்க."

ஏன் என்று எல்லோரும் ஒரே குரலாகக் கேட்டார்கள். மறைத்து வைத்துக்கொண்டு இந்த நாற்காலியில் இன்னும் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? சொல்லிவிட்டாள், காப்பி, கனைப்பு, எடிட்டர், எழுதியவர் என்று எல்லாவற்றையும். அப்பா கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. அது ஆறு பேருக்கும் தெரிந்ததுதான்.

சிஸ்டர் தெர்மாமீட்டரை வண்டியில் போட்டாள். "எம் பேரைச் சொன்னீங்களாக்கா?"

"இல்ல."

சிஸ்டர் ஃபோனை எடுத்து அணைத்துப் பையில் போட்டாள். ஜுரம் பார்க்காமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டிலருகே நின்று பேசுவதை விட்டுவிட்டாள்.

அப்பாவால் புரண்டு படுக்க முடியாது. கழுத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சொன்னார்: "நான்தான் குடுத்தேன்னு சொல்லியிருக்கலாமேம்மா. என்னை என்ன பண்ணிடுவாங்க? காலைக் கட்டிப் போட்ருவாங்களா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "உங்களுக்குக் குடுத்ததே நான்தானேப்பா."

தொங்கும் எடை கம்பியில் லேசாக உரசிக்கொண்டிருந்தது. பார்வையாளர்களுக்குக் கதவு திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. திறந்தாலும் அவள் போக முடியாது.

"ஏதாவது பேசும்மா" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே.

"என்ன பேச?"

"எதுவா இருந்தா என்ன. நம்ம வீட்டுச் சமாச்சாரமா இருக்கட்டும். அதுக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்க."

நாற்காலியைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், சமையலறைக் குழாய் ஒழுகுவதையும், பிளம்பர் மூன்று நாளாக வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றுவதையும் சொல்லத் தொடங்கினாள்.