ஹானாவின் நாற்காலி

1908, மார்ச் மாதம், இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ். அன்று மதியம் அந்தச் சமையலறையில் இருந்தவர்கள்: கவிஞர் எல்வின் ஹார்கிரீவ். அவருடைய அண்ணன் சைலஸ், கம்பளி ஆலை முதலாளி. டாக்டர் ரஸ்டன். பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியோடு வந்திருந்த நான். ஹானாவையும் சேர்ப்பதா என்று தெரியவில்லை. ஆறு வருடங்களுக்கு முன் அந்த ஆலை பற்றி எரிந்தபோது, பூட்டிய கதவுக்குப் பின்னால் கருகிப்போன நெசவுக்காரி அவள்.

எல்வின் இரண்டு கவிதைப் புத்தகங்கள் போட்டார், யாரும் வாங்கவில்லை. ஒரு நாடகம் லண்டனில் பதினொரு நாள் ஓடியது. இப்போது அந்தத் தீயைப் பற்றி ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். கடைசி அங்கம் பாக்கி. கதவைப் பூட்டச் சொன்னது யார் என்று ஹானா அதில் சொல்ல வேண்டும். பாத்திரத்துக்கு ஒரு நாற்காலி போட்டு, எதிரே உட்கார்ந்து பேசிப் பேசித்தான் அவர் எழுதுவார்.

தம்பிக்குப் பைத்தியம், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சைலஸ் மனு கொடுத்துவிட்டார். ஆனால் அண்ணன் சொல்வது மட்டும் போதாது. டாக்டர் தன் கண்ணால் கண்ட ஒன்றையாவது சான்றிதழில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நான் வெறும் வண்டியோடு திரும்ப வேண்டியதுதான். எனக்கு அதுவே சந்தோஷம். வார்டில் கதறல் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது.

"கால் மணி நேரம் சார். மழையைப் பத்திப் பேசுங்க. போதும்" என்று முற்றத்திலேயே எல்வினிடம் சொல்லியிருந்தேன்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்றார் டாக்டர்.

"வியாழன். அண்ணன் ஆலையை விட்டு வந்திருக்காரே, ஞாயிறோன்னு ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார்.

"நாற்காலியோட பேசுறானே, அதைக் கேளுங்க டாக்டர்!" என்றார் சைலஸ்.

"வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன். அதுக்கு உள்ள போடணும்னா லண்டன்ல ஒரு நடிகன் மிஞ்ச மாட்டான்."

டாக்டர் பேனாவை மூடினார். சான்றிதழ் காலியாகவே இருந்தது. சைலஸ் அதைப் பார்த்தார். பிறகு தேநீரை ஊற்றி, அடுப்போரம் இருந்த காலி நாற்காலியைக் காலால் நகர்த்தினார். "நின்னுக்கிட்டே குடிக்காதீங்க டாக்டர். உக்காருங்க."

எல்வின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். என்னைப் பார்த்தார். வாயை இறுக மூடினார். டாக்டர் கோட்டை ஒதுக்கிக்கொண்டு உட்காரக் குனிந்தார்.

"அங்க வேண்டாம்!"

"ஏன்?"

"அவ இருக்கா. வெந்த உடம்பு. வலிக்கும்."

டாக்டர் உட்காரவில்லை. பேனாவைத் திறந்தார். சைலஸ் தேநீரைக் குடித்தார்.

ஆஸ்பத்திரியில் எல்வினுக்குக் கிடைத்த அறையில் ஒரு கட்டில் மட்டும். உள்ளே போனவர் திரும்பி, தாழ்வாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க."

"யாராவது வரணுமா சார்?"

அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நாற்காலி இல்லை.

"யாருமில்ல" என்றார்.

கதவைச் சாத்திப் பூட்டினேன்.