திறந்தால் நிற்கும், மூடினால் ஓடும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான ஒரு பாடத்தைத் தமிழாக்கித் தருவதாக வாய் கொடுத்திருந்தேன். சோப்பு டப்பா அளவுள்ள ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஏணிப் படம் வரைந்து வேலை சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதுதான் பாடம். படம் நிஜமாகவே ஏணி மாதிரிதான் இருக்கும். இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாக ஒவ்வொரு கோடு, நடுவே படிகள். இடப்பக்கக் கோட்டில் மின்சாரம் காத்திருக்கும். ஒரு படியில் உள்ள இணைப்புகள் எல்லாம் சேர்ந்திருந்தால் அது வலப்பக்கம் போய், அங்கே இருக்கும் விளக்கையோ பம்பையோ ஓட்டும். ஒன்று விட்டுப்போயிருந்தாலும் ஓட்டாது. அவ்வளவுதான் சங்கதி.

நான்காம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். 'திறந்த இணைப்பு', 'மூடிய இணைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடும். மின் இணைப்பைத் திறந்தாலோ மின்சாரம் நின்றுபோகும், மூடினால்தான் ஓடும். நான் எப்படி எழுதினாலும் படிக்கிற பிள்ளை குழாயடியில்தான் போய் நிற்பான் என்று தோன்றியது. பேனாவை மூடி வைத்துவிட்டு (பேனாவை மூடினால் நிற்கும், அது வேறு) உட்கார்ந்திருந்தபோது, இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழுந்த ஒருவன் எனக்குத் தெரிய வந்தான். அவனை உண்டாக்கியவன் நானேதான் என்றாலும், தெரிய வந்தான் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பாடம் இன்னும் நான்காம் பக்கத்திலேயே கிடக்கிறது.

2

முதல் வரிக்குச் சில முயற்சிகள்.

'ஜம்புலிங்கம் நீலக் கடலைப் பார்த்தபடி—'

வேண்டாம். அந்தமான் என்றதும் ஆளைக் கடற்கரையில் நிறுத்திவிடுவது வெளியூர்க்காரன் புத்தி. அவனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அவன் வேலை பார்த்த பம்ப் ஹவுஸின் ஒரே ஜன்னல் மலைப் பக்கம்தான் பார்த்திருந்தது.

'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், குடியேற்றப் பணிகள் மும்முரமாக நடந்துவந்த—'

இது அரசாங்க அறிக்கை.

'ஜம்புலிங்கத்துக்கு ஒரே ஒரு பயம் இருந்தது.'

இது இருக்கட்டும். பயம் இதுதான்: தலைப்பிரசவத்துக்கு மாயவரத்துக்குப் போகப்போகும் அவன் மனைவி நீலாவதி, தனியாகப் போனால் திரும்பி வரமாட்டாள்.

3

அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். கல்யாணமாகி, மெட்ராஸ் கப்பலில் வயிற்றைப் புரட்டிப் புரட்டி வந்து இறங்கி, டெலானிபூர் மேட்டில் ஒரு குவார்ட்டர்ஸில் குடியேறினாள். ஒரு பக்கம் தெலுங்குக்காரர்கள், இன்னொரு பக்கம் ராஞ்சிக்காரர்கள், எதிரே மலையாளிகள். எல்லோருக்கும் பொது பாஷை இந்தி. அதில் அவளுக்கு நன்றாகப் பழகிய முதல் சொல் 'பந்த்'. நல் பந்த் என்றால் குழாயில் தண்ணீர் இல்லை. துக்கான் பந்த் என்றால் கடை இல்லை. மழைக்காலத்தில் ஜஹாஜ் பந்த் என்றால் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. காவிரிக் கரையில் பிறந்தவள், மாசி பிறந்தால் ஒரு குடத்தில் சமையலையும் குளியலையும் முடிக்கக் கற்றுக்கொண்டாள். முணுமுணுக்கவில்லை. பேச்சைத்தான் குறைத்துக்கொண்டாள். சண்டை போடுகிற மனைவியிடம் கணவனுக்குப் பயமில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டவளிடம்தான் அவன் பயந்தான்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். நீலாவதியை நான் ஊமையாக்குகிறேனோ? அவள் பேசாமல் இருப்பது அவள் குணமா, என் சோம்பலா? மேலே போவோம். அவளுக்கு இடம் கிடைக்கும்போது பேசுவாள் என்று நம்புகிறேன்.)

கூடவே போய், கூடவே இருந்து, குழந்தையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம். ஆனால் மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை ஓட்டவும் நிறுத்தவும் அவனை விட்டால் ஆளில்லை. தொட்டி காலியானால் ஓட்ட வேண்டும், நிறைந்தால் நிறுத்த வேண்டும். மேற்பார்வைப் பொறியாளர் திருநாவுக்கரசு நல்ல மனிதர், தஞ்சாவூர்ப் பக்கம். அவர் ஒரு வழி சொன்னார். ஜம்பு அடிக்கடி வரைந்து காட்டுகிறானே, அந்த ஏணிப் படம், அதைப் பெட்டியாகச் செய்து காட்டட்டும். பம்பு தானாக ஓடி, தானாக நின்றால், அடுத்த கப்பலில் அவனும் போகலாம்.

4

இப்போது சோப்பு டப்பாவுக்குள் முடிந்துவிடும் காரியம் அன்றைக்கு ஒரு பீரோ அளவு இருந்தது. படியை விரலால் வரைந்து அழிக்க முடியாது. ஒவ்வொரு படியும் ஒயர். ஒவ்வொரு இணைப்பும் 'டக்' என்று ஒட்டிப் பிரியும் ரிலே. ஏணிப் படத்தைக் கரிக்கட்டியால் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு, பழைய ரிலேக்களைச் சேர்த்து அவன் பெட்டியைக் கட்டினான்.

ஏணிக்கு இரண்டே படி. முதல் படி ஞாபகப் படி. பச்சைப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் ரிலே ஒட்டும். ஒட்டிய ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும், விரலை எடுத்தாலும் விடாது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் விடும். இரண்டாவது படி வேலைப் படி. ரிலே ஒட்டியிருந்து, மேட்டுத் தொட்டியும் காலியாக இருந்தால் பம்பு ஓடும். தொட்டி நிறைந்தால் மிதவை ஏறி இணைப்பைப் பிரித்துவிடும். பம்பு நிற்கும்.

(பாடம் படிக்க வந்தவர்கள் இத்தோடு போகலாம். பாடம் முடிந்தது. இனி இருப்பது மனிதர்கள்.)

மிதவையை மாட்டத் தொட்டிக்கு ஏறியவன் ஹரிபத மண்டல், குழாய் ஃபிட்டர். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து நிலம் பெற்ற குடும்பம். ஜம்புலிங்கத்துக்கு வங்காள மொழி தெரியாது, மண்டலுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் தீவு இந்தியில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்கள். மிதவையில் ஒயரை இரண்டு விதமாக மாட்டலாம். எப்படி மாட்டுவது என்று மண்டல் கேட்டதற்கு, ஐடிஐயில் ஆங்கிலத்தில் படித்ததை ஜம்புலிங்கம் மனசுக்குள் நேர்மையாக இந்தியாக்கிச் சொன்னான்: "டாங்கி காலி ஹோனே சே பந்த் ஹோனா."

தொட்டி காலியானால் இணைப்பு மூட வேண்டும். அவன் சொன்னதில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

5

சோதனை நாள். யாரும் தண்ணீரில்லாமல் தவிக்கக் கூடாது என்று ஜம்புலிங்கம் முன்கூட்டியே கையால் பம்பை ஓட்டித் தொட்டியை நிரப்பி வைத்திருந்தான். ஆக, பச்சைப் பொத்தானை அமுக்கியதும் பம்பு ஓடக் கூடாது. தண்ணீர் செலவான பிறகுதான் ஓட வேண்டும். இதைத் திருநாவுக்கரசுக்கு விளக்கிவிட்டு அமுக்கலாம் என்றிருந்தான். அவர் வந்த வேகத்தில், இதுதானே என்று அவரே அமுக்கிவிட்டார்.

பம்பு ஓடியது.

திருநாவுக்கரசுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. பொத்தானைத் தொட்டார், விரலை எடுத்தார், அது பாட்டுக்கு ஓடுகிறது! "கெட்டிக்காரன்யா நீ. போ, பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுக் கப்பல் ஏறு. நான் ஆச்சு," என்றார். டீ வாங்கிவரச் சொன்னார்.

ஜம்புலிங்கம் சுவரிலிருந்த ஏணிப் படத்தைத் திரும்பிப் பார்த்தான். ஓடக் கூடாத பம்பு ஓடுகிறது. எங்கோ தலைகீழாகிவிட்டது. சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அமுக்கினால் தப்பு தெரிந்துவிடும், கப்பல் போய்விடும். அமுக்காவிட்டால்?

(இங்கே நான் இரண்டு தரம் எழுதி அடித்தேன். ஒரு பிரதியில் அவன் உடனே உண்மையைச் சொல்லிவிடுகிறான். அந்த ஜம்புலிங்கத்தோடு எனக்கு ஒட்டவில்லை. ரொம்ப நல்லவனாக இருந்தான்.)

அவன் டீயைக் குடித்தான். நான் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. கப்பலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம் நீட்டும் வரைக்கும் அவன் மனசு அந்த டீ தீருவதற்குள் போய்விட்டு வந்தது. மெட்ராஸ் துறைமுகமே தெரிந்துவிட்டது பாவம். அப்போதுதான் மேட்டிலிருந்து சத்தம் கேட்டது.

6

நிறைந்த தொட்டி வழிந்து, மாசி வெயிலில் காய்ந்து கிடந்த டெலானிபூர் சரிவில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்புப் பொத்தானைத் தொடாமல், மிதவை ஒயரைப் பிரித்து நிறுத்திவிடலாம் என்று ஜம்புலிங்கம் மூச்சு வாங்க மேலே ஓடினான். குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். குடம், வாளி, அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, ஒருத்தி கையில் பிரஷர் குக்கர். தெலுங்கும் மலையாளமும் இந்தியும் ஒன்றாகக் கூச்சலிட்டன. அந்தக் கூட்டத்தின் நடுவில், ஏழு மாத வயிற்றோடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீலாவதி நின்றிருந்தாள். ராஞ்சிக்காரி அவள் தலையில் ஒரு சொம்பு ஊற்றினாள். நீலாவதி அவள் மேல் ஒரு வாளியையே கவிழ்த்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தெருவே சிரித்தது.

இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. நிறுத்த வந்தவன் நிறுத்த மறந்து நின்றான். அவள் அவனைப் பார்த்துவிட்டாள்.

"நிறுத்திடாதீங்க," என்றாள். "இன்னும் ரெண்டு குடம்."

(பார்த்தீர்களா, பேசிவிட்டாள்.)

தொட்டி மேலிருந்து மண்டல் இறங்கி வந்தான். ஜம்புலிங்கம் அவனிடம் பாய்ந்தான். மண்டலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆப் ஹீ தோ போலா, காலி ஹோனே சே பந்த்," என்றான். காலியானால் பந்த் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். காலியானால் பம்பு பந்த் ஆகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். நிறைந்தால் ஓடுகிறது. வாழ்நாள் முழுக்க வால்வு திருகியவனுக்குப் பந்த் என்றால் ஓடாது என்றுதான் அர்த்தம்.

ஜம்புலிங்கம், பந்த் என்றால் மூடுவது, மூடினால்தான் மின்சாரம் ஓடும் என்று ஆரம்பித்தான். ஈரத் தலையைப் பிழிந்துகொண்டே நீலாவதி குறுக்கிட்டாள்.

"நல் பந்த்னா தண்ணி வராது. இதுல என்ன சந்தேகம்? பாவம், அவரை ஏன் திட்டறீங்க?"

மண்டலுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனாலும் தன் கட்சி என்று புரிந்து கும்பிட்டான்.

7

ஒரு ஒயரை மாற்றிப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. பம்பு ஓட வேண்டியபோது ஓடி, நிற்க வேண்டியபோது நின்றது. திருநாவுக்கரசு கொடுத்த விடுப்புதான் நின்றுபோனது. வறட்சியில் ஒரு தொட்டித் தண்ணீர் மலையில் ஓடிய செய்தி மேலிடத்துக்குப் போய்விட்டது. மழை விழும்வரை ஆள் பம்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு வந்தது. அதைச் சொல்லும்போது அவர் ஜம்புலிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

வேறு முடிவுகள் என்னிடம் இருந்தன. ஒன்றில், கடைசி நிமிஷத்தில் பொறியாளர் ஜீப்பில் வந்து விடுப்புக் கொடுக்கிறார். வாசகர்களுக்கு அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவன் கூடவே போய்க் கூட்டிவந்தால், அவள் தானாக வந்திருப்பாளா என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாமலே போகும். இன்னொன்றில், நீலாவதி பயணத்தையே ரத்து செய்து இங்கேயே பெற்றுக்கொள்வதாக— இல்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மாவிடம் போக ஆசைப்படும் பெண்ணைக் கதைக்காக நிறுத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

8

ஆக, கப்பல் புறப்படும் ஹாடோ ஜெட்டி. அதே கப்பலில் ஊருக்குப் போகும் செல்லம் அக்கா துணை. பெட்டியைத் தூக்கிவர மண்டல். ஜம்புலிங்கம் எலுமிச்சம்பழங்களை ஒரு துண்டில் முடிந்து கொடுத்தான். தண்ணீர் நிறையக் குடி என்றான். திரும்பி வருவாயா என்று கேட்டால், அந்தக் கேள்வியே அவளுக்கு வழி காட்டிவிடுமோ என்று பயந்தான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். பாதிப் படி ஏறியதும் திரும்பினாள்.

"வர்றேன்," என்றாள்.

கப்பல் நகர்ந்தது. மண்டல் பக்கத்தில் வந்து, பாபி, அதாவது அண்ணி, என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் என்று கேட்டான்.

ஜம்புலிங்கம் திணறினான். போகிறவர்கள் எல்லோரும் வர்றேன் என்றுதான் சொல்கிறார்கள். கடைக்குப் போகிறவள் சொல்வதும் அதுதான், ஒரேயடியாகப் போகிறவள் சொல்வதும் அதுதான். போகிறேன் என்று இந்தியாக்குவதா, வருகிறேன் என்றா?

கடைசியில் வருகிறேன் என்பதையே இந்தியாக்கிச் சொன்னான்: "ஆத்தீ ஹூம், போலா."

விலகிப் போகும் கப்பலைப் பார்த்துக்கொண்டே மண்டல் தலையாட்டினான். அவனுக்கு அதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை. அவன் பாஷையிலும் கிளம்புகிறவர்கள் 'ஆஷி', வருகிறேன், என்றுதான் சொல்வார்கள். சந்தைக்குக் கிளம்பும்போது அவன் மனைவி தினமும் சொல்கிறாள், திரும்பி வருகிறாள். வங்காளத்து வீட்டைப் பூட்டிய அன்று அவன் அம்மாவும் பக்கத்து வீட்டாரிடம் அதையேதான் சொன்னாள்.

9

மழைக்காலம் முடிந்துவிட்டது. நீலாவதிக்குப் பெண் குழந்தை. மெட்ராஸ் கப்பல் வந்து ஜெட்டியில் நிற்கிறது. ஜம்புலிங்கம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தில் நிற்கிறான். இறங்கும் படியைப் பொருத்திவிட்டார்கள். மூட்டைகளோடு முதல் ஆட்கள் இறங்குகிறார்கள்.

அவளை வரவழைக்க எனக்கு ஒரு வரி போதும். ஆனால் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவள் இறங்கினால் அவனுக்கு என்ன பெருமை? அதனால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். உண்மையில் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள்தான் உயரமாக நிற்கிறீர்கள். கொஞ்சம் எட்டிப் பார்த்து, என்னிடம் வேண்டாம், அவனிடம் சொல்லுங்கள்.