கைக்குள் இருந்த காசு

நார்மாவின் கையைக் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு நர்ஸ் லட்ரீஸுக்கு மணிக்கு நூற்று இருபது டாலர். அதே ஆஸ்பத்திரியில், அதே நர்ஸ் வேலைக்கு, நார்மாவின் மகள் டார்லீனுக்கு முப்பத்து நான்கு.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சுகளை அடுக்கிக்கொண்டிருந்த டார்லீனுக்குள் இந்தக் கழித்தல் ஓயவே இல்லை. கொரோனா தொற்றில் பாதி நர்சுகள் படுத்துவிட, நர்சுகளை அனுப்பும் ஏஜென்சி டெக்சஸிலிருந்து இறக்கிய கூடுதல் ஆள் லட்ரீஸ். சொந்தக்காரர்களை நர்சுகள் கவனிக்கக் கூடாது என்பது விதி. பார்க்க வருவோருக்கும் தடை. மூன்று அறை தள்ளி, யாரோ ஒருவரின் அம்மாவை டார்லீன் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தபோது அதே தொற்றில் நார்மா போய்விட்டாள்.

“அம்மா போன்ல அவளைப் பத்தியேதான் பேசுவாங்க,” என்றான் தம்பி கிளின்ட். “தங்கமான பொண்ணு.”

“அந்த ரேட் குடுத்தா நானும் தங்கமாத்தான்டா இருப்பேன்.”

“மெதுவாக்கா. வர்றா பாரு.”

லட்ரீஸ் வந்து, மாத்திரை கொடுக்கும் காகிதக் கப் ஒன்றை மேசையில் வைத்தாள். உள்ளே சில்லறை.

“உங்க அம்மாவுக்கு நான் தரவேண்டியது, டார்லீன். ரம்மியில தோத்தது, ரெண்டு டாலர் எண்பது சென்ட். காசைக் கழுவிட்டேன்.”

“அவங்க கள்ளாட்டம் ஆடுவாங்க.”

“தெரியுமே! போர்வைக்கடியில எப்பவும் ரெண்டு சீட்டு இருக்கும்.”

“தெரிஞ்சுமா விட்டே?”

“ஆடுறப்ப மூச்சுத் திணறுறதையே மறந்துடுவாங்க. விட்டுட்டேன்.”

டார்லீனுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வயதில் அவள், அம்மா ஒளித்த சீட்டை உருவி, விருந்தாளிகள் எல்லோருக்கும் காட்டினாள். அதற்குப் பிறகு நார்மா அவளோடு சீட்டைத் தொடவே இல்லை.

“என்னைப் பத்தி ஏதாவது…”

“உங்கள மட்டும் ஏமாத்த முடியாதாம். கழுகுக் கண்ணுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

டார்லீன் கப்பைக் கவிழ்த்தாள். எல்லாம் பத்து சென்ட் காசுகள். ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினாள்.

“இருபத்தேழுதான். ஒண்ணு குறையுது.” பிடித்துவிட்ட சந்தோஷம் குரலில் இருந்தது.

லட்ரீஸ் தயங்கினாள்.

“அது அவங்க கடைசி ஆட்டத்துல ஜெயிச்சது. கைக்குள்ள இறுக்கி வெச்சிருந்தாங்க. நான் விரலைப் பிரிக்கல.”

கிளின்ட் காபியைக் கீழே வைத்தான்.

டார்லீன் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இங்கே இருபத்தேழு. அங்கே ஒன்று. கணக்கு சரியாக இருந்தது.